போகாத கூட்டத்துக்கு எழுதிய செய்தி

1. நீ வந்தியா?

அந்த அம்மா என் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றபோது காலை பத்து மணி இருக்கும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை. ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவர் என்று நினைத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டினேன். கைக்கு வந்தது எங்கள் பேப்பர். மாவட்டப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி நாலாக மடித்திருந்தது.

“இத்த எய்தினது நீதானேண்ணா?”

பார்த்தேன். நாலு நாள் பழைய பேப்பர். மூன்றாவது பத்தியில் என் செய்தி: ஒரு கிராம சபைக் கூட்டம், புதிய ரேஷன் கடைக் கட்டடத்தை ஊர் பஸ் நிறுத்தம் அருகே கட்ட ஒருமனதாகத் தீர்மானம்.

“நாந்தாம்மா. ஏன், பேரு எதனா வுட்டுப் போச்சா?”

நிருபரைத் தேடி வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டுதான். ஏன் என் பேரைப் போடவில்லை? ஏன் போட்டோ சின்னதாக வந்தது? இந்த அம்மா மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார்.

“எங்க ஊரு கூட்டத்துக்கு நீ வந்தியா?”

“அது வந்தும்மா, அன்னிக்கு எம்.எல்.ஏ. ப்ரோக்ராம் ஒண்ணு...”

“வந்தியா, வரலியா? அத்த மட்டும் சொல்லு.”

“வரல.”

“பின்ன எப்டி எய்தின?”

அவர் பேர் ரோசம்மா. அந்த ஊராட்சியின் காலனிப் பகுதிக்கு வார்டு உறுப்பினர். நடவு வேலைக்குப் போகிறவர். வார்டு உறுப்பினர் ஆன பிறகும் நடவுக்குப் போவதை நிறுத்தாதவர்.

நான் ஒரு தினசரிக்கு உத்திரமேரூரில் இருபத்திரண்டு வருடம் பகுதி நேர நிருபராக இருந்தேன். வேலையை விட்டு ரெண்டு வருடம் ஆகிறது. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் கடைக்கு வந்து, “சார், உங்க பெரிய ஸ்கூப் இன்னா சார்?” என்று கேட்கிறார்கள். ஸ்கூப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் போகாத ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நானும் இங்கேதான் இருக்கிறேன்.

2. அட்வான்ஸ்

எங்கள் வேலையில் ‘அட்வான்ஸ்’ என்று ஒன்று உண்டு. பணம் இல்லை. நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே எழுதி அனுப்புகிற செய்திக்குத்தான் அந்தப் பேர்.

மாநில அரசியல் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்து சேரும் தெரியுமா? சென்னையில் ஒரு தலைவர் அறிக்கை விடுவார். காஞ்சிபுரத்தில் ஆர்ப்பாட்டம் நடக்கும். மறுநாள் உத்திரமேரூரில் பதினைந்து பேர் கொடி பிடித்துக் கோஷம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் ‘திரளானோர் பங்கேற்றனர்’ என்று எழுதுவேன். ஆட்சி மாறினால் மறியல் செய்கிறவர்களும் மறியலைக் கண்டிக்கிறவர்களும் இடம் மாற்றிக்கொள்வார்கள். என் வாக்கியம் மட்டும் மாறாது.

எந்தக் கட்சி அமைச்சர் வந்தாலும், எங்கள் ஊர்க் கோயில் சுவரில் இருக்கிற குடவோலைக் கல்வெட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசாமல் மைக்கை விட மாட்டார். ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி கண்ட மண்’ என்பார். அந்தப் பத்தியை நான் டைப் அடித்தே வைத்திருந்தேன். பேரை மட்டும் மாற்றினால் போதும். மேடையில் அவர் பேசி முடிப்பதற்குள் செய்தி காஞ்சிபுரம் ஆபீசில் இருக்கும். அங்கே மாவட்டப் பக்கத்தைப் பார்க்கிற சீப் ரிப்போர்ட்டர் போன் போட்டு, “உத்திரமேரூர்னா வேகம்யா” என்பார். எனக்குத் தலை கால் புரியாது.

கிராம சபை நாள் என்றால் இன்னும் சிக்கல். காந்தி ஜெயந்தியன்று எல்லா ஊராட்சியிலும் ஒரே நேரத்தில் கூட்டம். ஆள் நான் ஒருத்தன், பைக் ஒன்று. எம்.எல்.ஏ. எந்த ஊருக்குப் போகிறாரோ அங்கேதான் நானும் போயாக வேண்டும், போட்டோ அங்கேதான் கிடைக்கும். மற்ற ஊர்களுக்கு, ஊராட்சித் தலைவர்கள் முந்தின நாளே வாட்ஸப்பில் அனுப்புகிற கூட்டப் பொருளை வைத்து எழுதிவிடுவேன். ‘தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டன.’ அப்போது எனக்கு இந்த வேலையில் பதினெட்டு வருடம். அதுவரை ஒருமுறைகூட அந்த வரி தப்பானதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாகவே இருந்திருந்தாலும் யார் வந்து கேட்டிருக்கப் போகிறார்கள்?

ரோசம்மா ஊரின் ஊராட்சித் தலைவர் முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தார்.

“நைனா, புது ரேஷன் கட கட்டறதுக்கு எம்.எல்.ஏ. நிதி சாங்ஷன் ஆயிட்ச்சி. நம்ம பஸ் ஸ்டாப்பாண்ட கட்டப் போறோம். நாளைக்கி தீர்மானம். நல்லா போட்டு வுடு.”

போட்டு விட்டேன்.

3. முதலில் கையெழுத்து, அப்புறம் தீர்மானம்

ரோசம்மாவைக் கடைக்குள் உட்கார வைத்து டீ சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னார்.

அந்த ஊராட்சியில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நடுவில் ஏரிக்கரைப் பாதை, ரெண்டு கிலோமீட்டர். ரேஷன் கடை ஊருக்குள் ஒழுகுகிற பழைய கட்டடத்தில். காலனிக்காரர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்த விரலைக் கடை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. நாளைக்கு வா என்பார்கள். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நாள் கூலி போகும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்தால், பாதையில் முழங்கால் ஆழம் ஓடும்.

“போன ஐப்பசில எங்க ஓர்ப்படி தலைல அரிசி மூட்டையோட கலங்கல்ல வியுந்துட்டா. இடுப்பு போச்சி. இன்னிக்கும் குந்திக்கினேதான் கீறா. அதுக்கோசரம்தான் இந்த தபா அல்லாரும் வேலைய வுட்டுட்டு கூட்டத்துக்குப் போனோம்.”

கூட்டத்தில் தலைவர் ‘பஸ் நிறுத்தம்’ என்று படித்ததும் காலனிப் பெண்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள். கார்டு எங்களுக்குத்தான் அதிகம், கடை காலனித் தண்ணி டேங்க் பக்கத்தில் வரட்டும் என்றிருக்கிறார்கள். கத்தல், கூச்சல். கடைசியில் கை தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப்பக்கத்தில் பாதிப் பேர் அதற்குள் எழுந்து போய்விட்டதால் காலனிப் பக்கம் கை அதிகம். தலைவரும் சரி என்று கூட்டத்தை முடித்துவிட்டார். எல்லாரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அவர்கள் கையெழுத்துப் போட்டது வெறும் பக்கத்தில். அங்கே அதுதான் வழக்கம். கூட்டம் முடிந்தால் ஜனம் நிற்காது என்பதால் முதலில் கையெழுத்தை வாங்கிவிடுவார்கள். மேலே விட்ட இடத்தில் ஊராட்சிக் கிளார்க் அப்புறமாக உட்கார்ந்து தீர்மானத்தை எழுதிக்கொள்வார்.

அந்தக் கிளார்க் கெட்டவர் இல்லை, பயந்தவர். மறுநாள் எழுத உட்கார்ந்தால் தலைவர் ஒன்று சொல்கிறார், காலனி ஒன்று சொல்கிறது. எதை எழுதினாலும் அடி விழும். பக்கத்தில் பேப்பர் கிடந்தது. பிரித்தார். ‘பஸ் நிறுத்தம் அருகே கட்ட ஒருமனதாகத் தீர்மானம்.’ அப்பாடா என்று வரிக்கு வரி பார்த்து எழுதிவிட்டார். நடக்காததை நான் எழுதினேன், அதைப் பார்த்து அவர் அரசாங்கப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார். கீழே காலனிப் பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக இருந்தன.

“கிளார்க்காண்ட போயி கேட்டா, ‘பேப்பர்லயே வந்துட்ச்சி, நான் இன்னா பண்றது’ன்றான். கூட்டத்துல போட்டோ எட்த்தாங்கண்ணா. போட்டோல நாங்க கை தூக்கினது தெரீது. எதுக்குத் தூக்கினோம்னு தெரியல.”

4. கோரிக்கை இன்னாத்துக்கு?

எனக்குப் பழம் தின்று கொட்டை போட்ட ஆள் என்று ஒரு நினைப்பு. சமாளிக்கப் பார்த்தேன்.

“ஒண்ணும் பேஜார் ஆவாதம்மா. நாளைக்கே ஒரு நியூஸ் போட்டுட்றேன். ‘காலனியில் ரேஷன் கடை அமைக்க மக்கள் கோரிக்கை’ன்னு. உங்க போட்டோவோட.”

ரோசம்மா என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிக்கொண்டார்.

“கோரிக்கை இன்னாத்துக்கு? நாங்க யார்கிட்டயும் போயி கேக்கலியே. முடிவு பண்ணிட்டு வந்தோம்ணா. முடிவு பண்ணத்த போயி கோரிக்கைன்னு எய்துவியா?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பதினெட்டு வருடம் ‘மக்கள் கோரிக்கை’ என்று தலைப்புப் போட்டவன் நான். மக்கள் என்றால் கேட்பவர்கள், அதிகாரிகள் என்றால் கொடுப்பவர்கள். மக்களே முடிவு செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“வெள்ளிக்கியம பி.டி.ஓ. ஆபீஸ்ல விசாரணை,” என்றார். “மனு குட்த்துகீறோம். கிளார்க்கு உன் பேப்பரத்தான் எட்த்தாரப் போறான். நீ வந்து, ‘நான் கூட்டத்துக்குப் போவல’ன்னு சொல்லு. அது போதும். வேற ஒண்ணியும் வாணாம்.”

என்ன சுலபமாகச் சொல்லிவிட்டார்! கூட்டத்துக்குப் போகாமலே செய்தி போட்டேன் என்று ஒரு அதிகாரி முன்னால் ஒப்புக்கொண்டால், அன்றைக்கே என் பிரஸ் கார்டு போய்விடும். பகுதி நேர நிருபருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் தாலுகா ஆபீசில் நாற்காலி போடுவதும், போலீஸ் ஸ்டேஷனில் ‘வாங்க சார்’ என்பதும், கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைப்பதும் அந்தப் பிளாஸ்டிக் கார்டுக்குத்தான். அது இல்லை என்றால் நான் பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் ஜெராக்ஸ்காரன்.

சொல்லாவிட்டால் விசாரணை அந்தப் பேப்பரோடு முடிந்துவிடும். அடுத்த வாரம் எம்.எல்.ஏ. பூமி பூஜைக்கு வருவதாக இருந்தது. கடை பஸ் நிறுத்தத்தில் எழும்பிவிட்டால், அந்தக் கட்டடம் இருக்கிற வரைக்கும் காலனிப் பெண்கள் கலங்கலைத் தாண்டி நடக்க வேண்டியதுதான்.

“பாக்கலாம்மா,” என்றேன். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

5. தலைவர்

வியாழக்கிழமை தலைவரே கடைக்கு வந்தார். அவரை வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். என் மனைவி மல்லிகாவுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து, வண்டி கிடைக்காமல் நான் தவித்து நின்றபோது, தன் காரில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு விரட்டிக்கொண்டு போனவர் அவர். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அந்த நன்றி எனக்கு எலும்பு வரைக்கும் உண்டு.

“நைனா, நாளைக்கி பி.டி.ஓ. கூப்புடுவாங்க. நீ பொய் ஒண்ணியும் சொல்ல வாணாம். ‘ஆமா, இது எங்க பேப்பர்ல வந்த செய்திதான்’னு சொல்லு. அது உண்மைதானே? அத்தோட கம்முனு வந்துடு.”

“அன்னிக்கு அவங்க கை தூக்கினாங்களாமே தலைவரே?”

“தூக்கினாங்க. நம்மாளுங்க பாதி பேரு டீ குடிக்கப் பூட்டானுங்க. அத்த ஒரு கணக்கா எடுத்துக்கறதா? பஸ் ஸ்டாப்புன்னா நாலு பக்கத்து ஜனமும் வந்து போற எடம். நான் இன்னா என் வூட்டுக்கா கட்டிக்கிறேன்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிளம்பும்போது, “தங்கச்சி எப்டி கீது? மாத்திரை ஒயுங்கா சாப்புட்தா?” என்று கேட்டார். நடிப்பு இல்லை, மெய்யான அக்கறை. அதுதான் என்னைக் கொன்றது.

அன்று சாயங்காலம் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உசுரைக் காப்பாற்றினவருக்கு எதிராக எப்படிச் சாட்சி சொல்வது என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். நிமிரவே இல்லை.

“எனுக்கு உசுரு குட்த்ததுக்கு நான் காலம் பூரா அவர கும்புடறேன். அதுக்குன்னு அந்த பொம்பளைங்க கடைய எட்த்துக் குடுக்கறதுக்கு, அது இன்னா நம்ம வூட்டு சீரா?”

6. பி.டி.ஓ. அறை

பி.டி.ஓ. அப்போதுதான் மாற்றலாகி வந்த பெண் அதிகாரி. அறைக்குள் தலைவர், கிளார்க், நான். வராந்தாவில் காலனிப் பெண்கள் முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ரோசம்மா கதவோரம் நின்றார். என்னை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே அப்போது தெரியாது.

கிளார்க் தீர்மானப் புத்தகத்தையும் அதன் மேல் என் செய்தியையும் வைத்தார். பி.டி.ஓ. படித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“சார், இது நீங்க எழுதின செய்தியா?”

“ஆமா மேடம்.”

தலைவர் லேசாகத் தலையை ஆட்டினார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பி.டி.ஓ. அடுத்ததையும் கேட்டுவிட்டார்.

“கூட்டத்துல இருந்தீங்களா?”

‘கிடைத்த தகவலின் அடிப்படையில் வெளியிடப்பட்டது’ என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வராந்தாவில் யாரோ இருமினார்கள். அத்தனை பேர் அங்கே மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“இல்ல மேடம். நான் போகல. கூட்டம் நடக்கறதுக்கு முந்தின நாளே எழுதி அனுப்பிட்டேன்.”

“முந்தின நாளேவா?”

“ஆமா மேடம். வழக்கமா அப்படித்தான்.”

தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கிளார்க்குக்கு என்ன தோன்றியதோ, அழுகிற குரலில், “மேடம், நானும் பேப்பரப் பாத்துதான் எழுதினேன் மேடம்,” என்றார்.

பி.டி.ஓ. பேனாவை மூடி வைத்தார். எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப அந்தக் கூட்டத்த யாருதான்யா பாத்தீங்க?”

கதவோரத்திலிருந்து ரோசம்மா சொன்னார்: “நாங்க பாத்தோம் மேடம்.”

வெள்ளைத்தாள் கொடுத்து, சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அத்தனை வருடத்தில் ‘நமது நிருபர்’ என்ற பேரில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ‘நான் போகவில்லை’ என்ற ஒரு வரியைத்தான் என் சொந்தப் பேரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூமி பூஜையை நிறுத்திவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறப்புக் கிராம சபை கூட்ட உத்தரவு போட்டார் பி.டி.ஓ.

வெளியே வரும்போது தலைவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். வணக்கம் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

7. கார்டு

மறுநாளே பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய், சீப் மேஜையில் கார்டை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்த ஆரம்பித்தால் தெருவுக்குக் கேட்கும். அன்றும் கேட்டது.

“அறிவு இருக்காய்யா உனக்கு? பேப்பர் மானம் கப்பலேறுது. சென்னைக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?”

நின்றேன். அவர் அடங்கிய பிறகு, “சார், அன்னிக்கு மாவட்டத்துல நாம போட்ட மத்த கிராம சபை நியூஸ்...” என்று இழுத்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தெரியும்யா. எல்லாம் அட்வான்ஸ்தான். தெரிஞ்சேதான் இத்தனை வருஷம் பேஜ்ல வச்சேன். வேகம் வேகம்னு உன்னை உசுப்பி விட்டதும் நான்தான். உன் கார்டு போவுது, என் கார்டு மிச்சமா இருக்கு. போ, நாளைக்கு மறுப்பு வரும்.”

வந்தது. பக்கத்தின் அடியில் ஒளித்து வைக்காமல், மாவட்டப் பக்கத்தின் மேலே கட்டம் கட்டி. ‘நமது நிருபர் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்.’ அந்த ரெண்டு வரிக்காக அவர் மேலிடத்தில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவரே கூப்பிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். என் மேல் கத்திய அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

8. ஞாயிற்றுக்கிழமை

சிறப்புக் கூட்டத்துக்குப் போனேன். அப்போது கார்டு திரும்பி வரவில்லை, எழுதப் பேப்பர் இல்லை, நாற்காலி போட ஆள் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடியில் கடைசியாக நின்றேன். அந்த முறை ஊர்ப்பக்கமும் யாரும் டீ குடிக்க எழுந்து போகவில்லை. ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில்கூட ஜனம் நின்றது.

ரெண்டு மணி நேரம் பேசினார்கள். நான் முதல் தடவையாக ஒரு கிராம சபையை முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருடம் ‘காரசார விவாதம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ரெண்டு சொல்லுக்குள்ளே எத்தனை பேருடைய பாடு இருக்கிறது என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, “எங்க பக்கத்துல வயசானவங்க இன்னா பண்றது?” என்று கேட்டார். ரோசம்மா, “உங்க பக்கம் ரோடு கீது, ஆட்டோ வருது பெரிப்பா. எங்க பக்கம் கலங்கல்தான் வருது,” என்றார். பெரியவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கை எண்ணினார்கள். ஊர்ப்பக்கத்திலேயே பத்து இருபது பெண்கள் காலனிக்குக் கை தூக்கினார்கள். கடை காலனிக்கு என்று முடிவானது.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, தீர்மானத்தை இங்கேயே எழுதிப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். கிளார்க் எழுதினார். படிக்க நின்றபோது அவருக்குக் குரலே எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள், “கேக்கல, கேக்கல” என்று கத்தினார்கள்.

ரோசம்மா திரும்பி என்னைக் கை காட்டினார்.

“அந்த பேப்பர்கார அண்ணன் படிக்கட்டும். அவுரு எய்தினத்த நாங்க படிச்சோம். நாங்க முடிவு பண்ணத்த இப்ப அவுரு படிக்கட்டும்.”

கூட்டம் சிரித்தது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். படித்தேன்: ‘புதிய நியாயவிலைக் கடைக் கட்டடத்தைக் காலனிப் பகுதியில் கட்டத் தீர்மானிக்கப்பட்டது.’

“காலனில எங்கன்னு போடல?” என்று முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார். “தண்ணி டேங்காண்டன்னு எய்து. இல்லன்னா அந்தாண்ட ஏரிக்கரைல கட்டிட்டு இதான் காலனின்னுவானுங்க.”

கிளார்க் எழுதினார். மறுபடி படித்தேன்.

“ஒருமனதாகன்னு எய்திட்டாரா பாரு,” என்று ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். “நாங்க ஒத்துக்கல. எங்க கையையும் கணக்குல எய்து.” அதுவும் நியாயம். ரெண்டு பக்கத்துக் கையையும் எழுதினார்கள். மூன்றாவது தடவை படித்தேன். கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா என்று இன்னொருவர் கேட்டார். அதையும் சேர்த்து நாலாவது தடவை படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. இனிச் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை என்றான பிறகுதான் புத்தகம் ஜனத்துக்கு நடுவில் போனது.

எத்தனையோ சப் எடிட்டர்கள் என் செய்தியைத் திருத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் திருத்திய மாதிரி யாரும் திருத்தியதில்லை. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு என் வேலையைக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

கையெழுத்து முடிந்து கலையும்போது ரோசம்மாவிடம் போய், “ரொம்ப நன்றிம்மா,” என்றேன்.

“எனுக்கு இன்னாத்துக்கு நன்றி? நீ வந்து சொல்லலன்னா இன்னிக்கி இந்தக் கூட்டம் ஏது? ஆனா ஒண்ணுண்ணா,” என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். “இதுக்கு முன்னாடி நீ போவாம எய்தின ஊருங்கள்ல எல்லாம், இந்த மாதிரி எத்தினி பேரு கை தூக்கினாங்களோ, பாவம்.”

அதற்குப் பிறகு இருந்த நாலு வருடமும் காந்தி ஜெயந்தியன்று ஒரே ஒரு ஊருக்குப் போனேன். புத்தகத்தை மூடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரைப் பற்றி மட்டும் எழுதினேன்.